மேட்டூர் நிரம்பினால் மட்டும் போதுமா? டெல்டா பல்கலைக்கழக நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துணைவேந்தர்கள், பதிவாளர்கள், நிதி அலுவலர்கள், கல்லூரி முதல்வர்கள் அனைவருக்கும் வணக்கம்.

திருச்சியிலிருந்து நாகப்பட்டினம் வரையிலும், கொள்ளிடத்துக்கு வடக்கே சிதம்பரத்திலிருந்து தெற்கே பட்டுக்கோட்டை வரையிலும் உள்ள வளாகங்களில் கணினி, வலையமைப்பு, ஒலி-ஒளி வேலை பார்ப்பவர்கள் சேர்ந்து எழுதும் மடல் இது. 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இந்தப் பக்கம்தான். 1981இல் வந்த தமிழ்ப் பல்கலைக்கழகமும் 2009இல் திருவாரூருக்கு வந்த மத்தியப் பல்கலைக்கழகமும் இங்கேதான். கட்டடங்களின் வயது வேறு, பணம் வரும் வழி வேறு. பழுது வரும் வழி மட்டும் எல்லா இடத்திலும் ஒன்றுதான். ஆகவே எந்த ஒரு வளாகத்தையும் சுட்டி இதை எழுதவில்லை. யாரும் தம்மைச் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எல்லோரும் எடுத்துக்கொண்டால் நல்லது.

அடுத்த நிதியாண்டுக்கான மதிப்பீடு தங்கள் மேசையில் இருக்கும் நேரம் இது. ஸ்மார்ட் வகுப்பறை, புதிய ஸ்டூடியோ, இணைய வேகம் கூட்டுதல் என்று அதில் தலைப்புகள் இருக்கும். அவை வேண்டாம் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. வகுப்பு நடுவில் நின்றுபோகும்போது போய்ப் பார்த்தால், பத்தில் எட்டு முறை கருவி நன்றாகத்தான் இருக்கும். அதைச் சுற்றி ஆறடிக்குள் உள்ள ஏதோ ஒன்று கைவிட்டிருக்கும்: மின்சாரம், எர்த், கேபிள், தூசி, சாவி, அல்லது ஒரு கையெழுத்து. அந்த ஆறடிக்கு மதிப்பீட்டில் தலைப்பே கிடையாது. அதற்கு ஒரு தலைப்புப் போடுங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேட்டூரில் 120 அடி நின்றாலும் வாய்க்கால் தூர்வாரவில்லை என்றால் கடைமடைக்குத் தண்ணீர் ஏறாது. ஜூன் 12க்கு முன்பே தூர்வாரச் சொல்லி விவசாயிகள் கேட்பது அதனால்தான். நம் வளாகங்களிலும் அதே கதை. தேசிய அறிவு வலையமைப்பின் இணைப்பு சர்வர் அறை வரை நொடிக்கு ஒரு ஜிகாபிட் வேகத்தில் வந்து நிற்கும். மூன்றாவது மாடியில் ஒரு பாடக் காணொளி சுற்றிக்கொண்டே இருக்கும். நடுவில் போய்ப் பார்த்தால் பத்து ஆண்டுக்கு முந்தைய 100 மெகாபிட் நெட்வொர்க் சுவிட்ச் (பல கேபிள்களை இணைக்கும் பெட்டி) ஒன்று, மின்விசிறி நின்றுபோய், பீரோவுக்குப் பின்னால் கிடக்கும். அதை மாற்றாமல் மேலே வேகத்தைக் கூட்டி என்ன பயன்?

முதலில் மின்சாரம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

மின்சாரம் போனால் பேட்டரியில் ஓட்டும் யூபிஎஸ்ஸுக்குப் பெரும்பாலும் ஒதுக்குவது மாடிப்படிக்கு அடியில் உள்ள, ஜன்னல் இல்லாத இடம். அதிலுள்ள எஸ்எம்எஃப் (தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத, மூடிய) பேட்டரியின் ஆயுளை 25 டிகிரி வெப்பத்துக்குத்தான் கணக்கிட்டுச் சொல்கிறார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு எட்டு பத்து டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். மே மாதத்தில் பூட்டிக் கிடக்கும் அறைக்குள் 40 டிகிரி சாதாரணம். நான்கு ஆண்டு வர வேண்டிய பேட்டரி ஒன்றரை ஆண்டில் வயிறு ஊதி நிற்பதற்குக் காரணம் அந்த அறைதான். கம்பெனியைக் குறை சொல்லிப் பயனில்லை. சுவரில் மேலே ஒரு எக்ஸாஸ்ட் விசிறி, கீழே காற்று வர ஒரு ஜாலி, எலி வராமல் அதில் வலை. ஒரு செட் பேட்டரி விலையில் சின்னப் பங்குகூட ஆகாது.

பேட்டரி நல்லதா என்று சும்மா மீட்டர் வைத்துப் பார்த்தால் தெரியாது. சார்ஜ் ஏறிய நிலையில் செத்த பேட்டரியும் 13 வோல்ட்டுக்கு மேல் காட்டும். மெயினை அணைத்து, வழக்கமான லோடு ஓடும்போதே ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாக அளக்க வேண்டும். மற்றவை 12 வோல்ட்டுக்குப் பக்கத்தில் நிற்க, ஒன்று மட்டும் சில நிமிடங்களில் 10.5க்குக் கீழே இறங்கினால் அதுதான் கோளாறு. தொடரில் ஒன்று விழுந்தால் மொத்த யூபிஎஸ்ஸும் விழும். அந்த ஒன்றை மட்டும் மாற்றிச் சமாளிக்கலாம் என்று தோன்றும். செட் புதிதாக இருந்தால் சரி. மூன்று ஆண்டு ஓடிய செட்டுக்குள் ஒரே ஒரு புது பேட்டரியைச் சேர்த்தால் சார்ஜ் சமமாக ஏறாமல் அதுவும் சீக்கிரம் கெடும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை இந்தச் சோதனையைச் செய்து, அளவை யூபிஎஸ் மேலேயே ஒரு தாளில் எழுதி ஒட்டினால், எந்த மாதம் செட் மாற்ற வேண்டும் என்பது முன்கூட்டியே தெரியும். தேர்வுக் காலத்தில் திடீர் இன்டென்ட் (கொள்முதல் கோரிக்கை) போட வேண்டியிருக்காது.

லேசர் பிரின்டரை யூபிஎஸ்ஸில் செருக வேண்டாம் என்று எத்தனை முறை எழுதி ஒட்டினாலும் கிழிந்துவிடுகிறது. உள்ளே உள்ள சூடேற்றும் உருளை, தாள் வரும் ஒவ்வொரு முறையும் சட்டென்று ஆயிரம் வாட் வரை இழுக்கும். ஓர் அலுவலகத்தில் ஒரு பிரின்டர், அடுத்த அறையில் பத்து கணினி அணையும்.

எர்த் பற்றி யாரும் பேசுவதில்லை, அது கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருப்பதால். நம் களிமண் மழைக்காலத்தில் நல்ல எர்த். சித்திரை வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும்போது குழாயை விட்டு மண் விலகிவிடும். எதிர்ப்பு பல மடங்கு ஏறும். இரண்டரை மீட்டர் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய், அதைச் சுற்றிக் கரியும் உப்பும் என்ற பழைய முறையில் போட்ட குழிக்குக் கோடையில் வாரம் ஒரு முறை இரண்டு குடம் தண்ணீர் வேண்டும். தோட்டக்காரரிடம் சொன்னால் போதும், ஆனால் யாரும் சொல்வதில்லை. கடலோரத்தில் பிரச்சினை வேறு: நாகை, வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றிலும் உப்பு மண்ணிலும் ஜிஐ பட்டையின் போல்ட் இணைப்பு அரித்துத் துருவாகி நிற்கும், மேலே பெயின்ட் மட்டும் பளபளக்கும். அங்கே செம்பு பூசிய கம்பியும் ஆண்டுக்கு ஒரு முறை இணைப்பைத் திறந்து சுரண்டி இறுக்குவதும் தேவை.

சோதிக்கப் பெரிய கருவி வேண்டாம். வகுப்பறை பிளக்கில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டரை வையுங்கள். 2 வோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. பத்து, இருபது காட்டினால் எங்கோ நியூட்ரல் தளர்ந்திருக்கிறது, அல்லது எர்த் இல்லை. "கணினியைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறது" என்ற புகாரும், ஒலிபெருக்கியில் "ம்ம்ம்" என்று ஓயாத ரீங்காரமும், காரணமில்லாமல் அணைந்து எழும் சுவிட்சும் பல நேரம் இந்த ஒரே இடத்தில்தான் போய் முடியும்.

புயலுக்குப் பிறகு இன்னொரு ஆபத்து. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையேறியபோது கம்பங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்து, பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படி நின்ற மின்சாரம் திரும்ப வரும் நாள்தான் கருவிகளுக்குக் கண்டம். நியூட்ரல் விட்டுப்போன லைனில் ஒரு ஃபேஸில் 230 இருக்க வேண்டிய இடத்தில் 400 வரை ஏறக்கூடும். ஆகவே மின்சாரம் வந்தவுடன் மெயினைத் தூக்காமல், மூன்று ஃபேஸையும் நியூட்ரலோடு தனித்தனியாக அளந்து, மூன்றும் 230ஐ ஒட்டி இருக்கிறதா என்று பார்த்த பிறகே போட வேண்டும். அளக்க ஆள் இல்லாத இரவுக்காக, அளவு மீறினால் தானே துண்டிக்கும் ரிலே ஒன்றை ஒவ்வொரு கட்டடத்தின் விநியோகப் பெட்டியிலும் வைக்கலாம்.

ஐப்பசி, கார்த்திகை இடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே, மரத்தில் கட்டியோ மொட்டை மாடி வழியாகவோ செம்பு நெட்வொர்க் கேபிள் இழுத்திருந்தால் அதை இந்த ஆண்டே கழற்றுங்கள். இடி நேராக அதில் விழ வேண்டியதே இல்லை. பக்கத்துத் தென்னையில் விழுந்தாலே கேபிளில் தூண்டப்படும் மின்னழுத்தம் இரு முனையிலும் உள்ள சுவிட்சைச் சுட்டுவிடும். போர்ட் ஒன்று கருகும், சில நேரம் அதனோடு சேர்ந்த கணினிகளின் மதர்போர்டும் போகும். கட்டடத்துக்குக் கட்டடம் சிங்கிள் மோடு ஃபைபர் (ஒளியில் தரவு கடத்தும் கண்ணாடி இழை) மட்டுமே. செம்புக்கு எல்லை நூறு மீட்டர் என்பதும் இதற்கு இன்னொரு காரணம். இரும்புக் கவசம் உள்ள ஃபைபராக இருந்தால் அந்தக் கவசத்தைக் கட்டட வாசலிலேயே எர்த்தோடு இணைக்க வேண்டும். அப்படியே ரேக் (கருவிகளை அடுக்கிய அலமாரி) வரை இழுத்தால் எதற்காக ஃபைபர் போட்டோமோ அது வீண். கவசமே இல்லாமல் போட்டால் அணில் கடிக்கும், வயல் பக்கத்து வளாகமானால் எலியும். சம்பா அறுவடை முடிந்து வயலில் தீனி தீர்ந்தபின் எலி வளாகத்துக்குள் வருவதும், தை, மாசியில் ஃபைபர் புகார் கூடுவதும் தற்செயல் அல்ல. தரைக்குள் போகும் குழாயில் மழைநீர் நிற்கத்தான் செய்யும், அதைத் தடுக்க முடியாது. இழைகளை ஒட்டி இணைக்கும் ஸ்ப்ளைஸ் பெட்டியைக் குழியின் அடியில் போடாமல் சுவரில் ஓரடி உயரத்தில் மாட்டினால் போதும். ஒவ்வொரு குழியிலும் பத்து மீட்டர் கேபிளைச் சுருட்டி விடச் சொல்லுங்கள். அறுந்தால் இழுத்து இணைக்க அது வேண்டும். ஒப்பந்தக்காரர்கள் மிச்சம் பிடிப்பது முதலில் அந்தப் பத்து மீட்டரில்தான்.

இனி வகுப்பறை. புரொஜெக்டர் லேம்பின் ஆயுள் 4,000 முதல் 6,000 மணி நேரம் என்று பெட்டியில் எழுதியிருக்கும். நாளுக்கு ஆறு மணி நேரம், ஆண்டுக்கு 180 நாள் என்றால் 1,080 மணி நேரம். நான்கு ஆண்டாவது வர வேண்டும். இரண்டு ஆண்டில் போகிறது என்றால் காரணங்கள் இரண்டு. ஒன்று, அறுவடைக் காலத்து வைக்கோல் தூசியும் சாக்பீஸ் தூளும் அடைத்த ஃபில்டர். இரண்டு, பவர் கட். ஓடிக்கொண்டிருக்கும் லேம்புக்கு மின்சாரம் பட்டென்று நின்றால் குளிர்விக்கும் விசிறியும் நின்றுவிடும், சூடு உள்ளேயே தங்கும். 300 வாட் இழுக்கும் புரொஜெக்டருக்குப் பத்து நிமிடம் தாங்கும் யூபிஎஸ் கொடுத்தால், ஆசிரியர் முறைப்படி அணைக்க நேரம் கிடைக்கும். ஃபில்டர் உள்ள மாடலுக்கு மாதம் ஒரு முறை சுத்தம், பிப்ரவரியிலும் அக்டோபரிலும் இரண்டு முறை. லேசர் புரொஜெக்டர் 20,000 மணி நேரம் வரும், பவர் கட்டையும் தாங்கும். புதிதாக வாங்குவதானால் அதையே வாங்குங்கள், எண்ணிக்கையில் மூன்று குறைந்தாலும் பரவாயில்லை.

"படம் வரவில்லை" என்ற புகாரில் பாதி, எச்டிஎம்ஐ கேபிளில் முடியும். சாதாரண செம்பு எச்டிஎம்ஐ பத்து மீட்டர் வரை நம்பகம். பதினைந்தைத் தாண்டினால் மின்னும், விட்டு விட்டு வரும், ஒரு லேப்டாப்பில் வரும், இன்னொன்றில் வராது. மேடையிலிருந்து சுவர் வழியே ஏறி, மேலே ஓடி, இறங்கும் தூரத்தை அளந்தால் எளிதில் 18 மீட்டர் வந்துவிடும். அந்தத் தூரத்துக்கு கேட்-6 நெட்வொர்க் கேபிளில் ஓடும் எக்ஸ்டென்டர் (சிக்னலைத் தூரம் கடத்தும் கருவி) வேண்டும், அல்லது ஃபைபர் உள்ள எச்டிஎம்ஐ. ஃபைபர் கேபிளுக்கு எந்த முனை புரொஜெக்டருக்கு என்று குறியிருக்கும். மாற்றிப் போட்டால் படமே வராது, கேபிளைக் குறை சொல்லி அனுப்பிவிடுவார்கள். மேடை மேசையில் டைப்-சி மாற்றி ஒன்று, பழைய விஜிஏ மாற்றி ஒன்று, இரண்டையும் சங்கிலியில் கட்டி வையுங்கள். சங்கிலி என்றால் நிஜமாகவே சங்கிலி. இல்லையென்றால் ஒரே செமஸ்டரில் இரண்டும் காணாமல் போகும்.

ஒலிக்கு வருவோம். படத்துக்கு லட்சம் செலவழிக்கிற இடத்தில் ஒலிக்கு ஆயிரம்கூட ஒதுக்குவதில்லை. ஆனால் படம் மங்கினாலும் பாடம் நடக்கும். குரல் கேட்கவில்லை என்றால் கடைசி வரிசை அன்றோடு போயிற்று. ஸ்பீக்கர் மைக்குக்கு முன்னால் இருக்க வேண்டும், பின்னால் அல்ல. இந்த ஒரு விதியைக் கட்டடம் கட்டும்போதே பார்த்திருந்தால் "கீ" என்ற ஊளையில் பாதி குறையும். நீளமான அரங்கில் பல ஸ்பீக்கர் தொடராகப் போகும்போது ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டும் 100 வோல்ட் லைன் முறைதான் சரி. அதில் இடையில் யாராவது வீட்டு வகை 8 ஓம் ஸ்பீக்கரை நேரடியாகச் செருகினால் ஸ்பீக்கர் எரியும், ஆம்ப்ளிஃபையரும் (ஆம்ப்) சேர்ந்து போகலாம். மலிவான 2.4 ஜிகாஹெர்ட்ஸ் காலர் மைக்குகள் வைஃபை அலைவரிசையிலேயே ஓடுகின்றன; நூறு செல்போன் உள்ள அரங்கில் அவை விட்டு விட்டுத்தான் கேட்கும். விழாவுக்கு முதல் நாள் ஆளில்லாத அரங்கில் சோதித்து "நன்றாக இருக்கிறதே" என்று சொல்லிவிட்டு மறுநாள் தவிப்பதற்கு இதுதான் காரணம். முக்கிய நிகழ்ச்சிக்குக் கம்பி மைக் ஒன்றை மேடையில் எப்போதும் தயாராக வையுங்கள். பட்டமளிப்பு விழாவுக்கு இரண்டு.

வைஃபை புகாரில் சிக்னல் குறைவு என்பது அரிது. ஒவ்வொரு போனுக்கும் வலையமைப்பு கொடுக்கும் முகவரி எண் தீர்ந்துபோவதுதான் அடிக்கடி. ஒரு வலைப்பிரிவில் 254 முகவரி. அதை விட்டுக்கொடுக்க எட்டு நாள் என்ற தொடக்க அமைப்பை யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். திங்கள் வந்த மாணவரின் செல்போன் அடுத்த செவ்வாய் வரை முகவரியைப் பிடித்துக்கொள்ளும். இப்போதைய போன்கள் அடையாள எண்ணை மாற்றி மாற்றிக் காட்டுவதால் ஒரே போன் இரண்டு மூன்று முகவரியை விழுங்குவதும் உண்டு. குத்தகைக் காலத்தை இரண்டு மணி நேரமாக்கி, பிரிவை 1,022 முகவரிக்கு விரித்தால் அன்றே புகார் நிற்கும். செலவு ஒரு ரூபாய்கூட இல்லை. விடுதியில் யாரோ வீட்டு ரவுட்டரைக் கொண்டுவந்து தலைகீழாகச் செருகி, அது எல்லோருக்கும் தவறான முகவரி கொடுக்கத் தொடங்குவது இன்னொரு வகை. சுவிட்சில், கண்ட கருவியும் முகவரி கொடுப்பதைத் தடுக்கும் டிஎச்சிபி ஸ்னூப்பிங் என்ற வசதியை இயக்கினால் அது வராது. அந்த வசதி உள்ள, அமைப்பை மாற்றக்கூடிய மேனேஜ்டு சுவிட்ச் வேண்டும், அவ்வளவுதான். எட்டு போர்ட் மலிவு சுவிட்சை வாங்கிச் சுவரில் மாட்டுவதற்கு முன் இதை நினைவில் வையுங்கள்.

பாடப் பதிவு ஸ்டூடியோ கட்டுவதற்கு முன் இருப்பதைக் கொண்டு என்ன செய்யலாம் என்று பாருங்கள். அறையில் எதிரொலி அடங்கக் கனத்த திரையும் கயிற்றுப் பாயும் போதும். தென்னை நாருக்கு டெல்டாவில் பஞ்சமா? மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவு செய்தால் ஒலி தெளிவாகும், ஆசிரியர் வியர்த்துக் கொட்டுவார். ஆகவே பதினைந்து நிமிடத் துண்டுகளாகப் பதிவு செய்வது எல்லோருக்கும் நல்லது. கேமரா ஷட்டரை 50இல் ஒரு பங்கு நொடிக்கு வைத்தால் விளக்கு மினுக்காது. ஓபிஎஸ் என்ற பதிவு மென்பொருள் கொண்டு பதிவு செய்பவர்கள் எம்கேவி வடிவில் பதியுங்கள். எம்பி4இல் பதியும்போது பவர் போனால் கோப்பு முழுவதும் திறக்காமல் போகலாம். எம்கேவியில் போன நொடி வரை இருக்கும், பிறகு அதே மென்பொருளிலேயே எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம்.

நொடிக்கு 5 மெகாபிட் வீதம் பதிந்தால் ஒரு மணி நேரம் 2.25 ஜிபி. 45 மணி நேரப் பாடம் ஒன்று நூறு ஜிபியைத் தாண்டும். அதை அப்படியே ஏற்றி "மாணவர்கள் பார்ப்பதில்லை" என்று கணக்குக் காட்டுகிறார்கள். முத்துப்பேட்டையிலிருந்தோ ஒரத்தநாட்டிலிருந்தோ பஸ்ஸில் வந்து போகும் பிள்ளை, ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி டேட்டாவில் எதைப் பார்ப்பாள்? ஒவ்வொரு பாடத்துக்கும் மூன்று பதிப்பு வேண்டும்: மூலம், 360 புள்ளி அளவில் மணிக்கு சுமார் 180 எம்பி உள்ள ஒன்று, குரல் மட்டும் ஒன்று. குரலை 32 கிலோபிட்டில் ஒற்றைத் தடமாக ஆக்கினால் ஒரு மணி நேரம் 14 எம்பிதான். பஸ் ஜன்னலோரத்தில் பெரும்பாலும் ஓடப்போவது அதுதான்.

தேர்வுப் பிரிவும் நூலகமும் நடத்தும் தமிழ் எழுத்துருச் சண்டையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2010இல் தமிழக அரசே, எந்தக் கணினியிலும் ஒன்றுபோல் தெரியும் யூனிகோடை ஏற்று ஆணை போட்டாயிற்று. வினாத்தாள்களும் பாடத்திட்டங்களும் இன்னும் பாமினி, வானவில் என்ற பழைய எழுத்துருக்களில் வருகின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கிலக் குப்பை. அச்சகத்தில் ஓர் எழுத்து மாறி அச்சானாலும் யாருக்கும் தெரியாது. யூனிகோடுக்கு மாற்றித் தரும் எழுத்துரு மாற்றிகள் இலவசமாகவே உண்டு. ஆனால் மாற்றியபின் கண்ணால் சரிபார்க்க வேண்டியவை உண்டு. "கொ", "கோ", "கௌ" போன்றவை சில மாற்றிகளில் ஒற்றைக் குறியாக வராமல் இரண்டு துண்டாக வரும். திரையில் ஒன்றுபோலவே தெரியும், தேடினால் கிடைக்காது. "ஸ்ரீ"க்கு யூனிகோடில் இரண்டு வழி; அதுவும் பார்வைக்கு ஒன்றே. நூலகப் பட்டியலில் "ஸ்ரீரங்கம்" என்று தேடி ஒன்றும் வரவில்லை என்றால் நூல் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். துணைக்காலுக்குப் பதில் "ர" தட்டுவது இன்னொரு தொல்லை, பழைய தட்டச்சுப் பழக்கம். எல்லாப் பதிவுகளையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் சின்ன நிரலை ஒரு முதுகலை மாணவர் ஒரு வாரத்தில் எழுதிவிடுவார். தட்டச்சு செய்பவர்களுக்குத் தமிழ்99 விசைப்பலகைப் பயிற்சியும் அலுவலக நேரத்திலேயே கொடுங்கள். வீட்டில் கற்றுக்கொண்டு வா என்றால் நடக்காது.

துறைகளின் பீரோக்களில் ஒலிநாடாக்கள் கிடக்கின்றன: நடவுப் பாட்டு, ஒப்பாரி, ஓதுவார் பண், மெலட்டூர் பாகவத மேளம் என்று எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கள ஆய்வில் எடுத்தவை. நம் ஈரக்காற்றில் அவற்றில் வெள்ளைப் பூஞ்சை ஏறிக்கொண்டிருக்கிறது. பூஞ்சை பிடித்த நாடாவை நல்ல பிளேயரில் போட்டால் அடுத்து போடும் எல்லா நாடாவுக்கும் பரவும், அதைத் தனியே வையுங்கள். முதலில் நாடாவின் முதுகில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் நாக்கை உடைத்துவிட்டால் தவறி அழியாது. ஒரு முறை கடைசி வரை ஓட்டித் திரும்பச் சுற்றி, ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் வேவ் கோப்பாக எடுக்க வேண்டும். மணிக்கு இரண்டு ஜிபி ஆகும். எம்பி3ஆக மட்டும் எடுத்து மூலத்தைத் தூக்கிப் போடும் பழக்கம் வேண்டவே வேண்டாம். ஒரு மணி நேர நாடாவுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், குறுக்கு வழி இல்லை. ஒரு நாளில் ஆறு நாடா ஓட்டினால் பெரிது. இதற்கென்று தனி ஆள் தேவை என்பது அதனால்தான்.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாக. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. தேர்வுப் பிரிவில் எத்தனை கணினி அதிலேயே ஓடுகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். மதிப்பெண் தரவுக்கு மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வளாகத்துக்கு வெளியே. நிரந்தரமாகச் செருகியிருக்கும் வெளி ஹார்டு டிஸ்க் பிரதி ஆகாது, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் அதையும் சேர்த்துப் பூட்டும். எடுத்த பிரதியை ஆறு மாதத்துக்கு ஒரு முறை வேறு கணினியில் திறந்து பார்க்காவிட்டால் அது இருக்கிறதா என்றே சொல்ல முடியாது. இணையத் தாக்குதல் நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28இல் இட்ட கட்டளை. "கமிட்டி போட்டுப் பார்ப்போம்" என்றால் ஆறு மணி நேரம் போயிருக்கும்.

பணத்தை எங்கே வைப்பது என்பதற்கு வருகிறோம். மார்ச் கடைசி வாரத்தில் நிதி காலாவதியாகும் பயத்தில் நாற்பது புரொஜெக்டர் வாங்குகிறார்கள். ஏப்ரலில் ஒரு கேபிள் வாங்கக் காசில்லை. நாற்பது வாங்கும் பணத்தில் முப்பத்தாறு வாங்கி, மீதியில் நான்கு லேம்ப், இருபது கேபிள், பத்து மாற்றி, இரண்டு சுவிட்ச், ஒரு செட் பேட்டரி என்று உதிரி வைத்தால் அந்த முப்பத்தாறும் ஓடும். பத்துக்கு ஒன்று உதிரி என்பது எங்கள் அனுபவக் கணக்கு. அலமாரியில் சும்மா இருப்பதாகத் தணிக்கையில் கேட்பார்கள். அதற்கான பதிலை டெண்டர் குறிப்பிலேயே எழுதிவிடலாம். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் உதிரி பாகமும் சேர்த்தியா என்று ஒரு வரி தெளிவாக இருக்கட்டும். சேர்த்தி இல்லாத ஒப்பந்தத்தில் ஆள் மட்டும் வந்து பார்த்துவிட்டு "பார்ட் இல்லை சார்" என்று போவார்.

அறுநூறு ரூபாய் கேபிளுக்கு இன்டென்ட், மூன்று விலைப்புள்ளி, துறைத்தலைவர், பதிவாளர், நிதி அலுவலர் என்று ஐந்து கையெழுத்து வாங்கி முடிக்கும்போது செமஸ்டர் முடிந்திருக்கும். தொழில்நுட்பப் பிரிவுக்கு ஒரு நிரந்தர முன்பணம் கொடுங்கள். பில் வைத்து மாதம் ஒரு முறை ஈடு செய்துகொள்ளட்டும். தொகை பெரிதாக இருக்க வேண்டியதில்லை, மாதம் ஐந்தாறு கேபிளும் ஒரு மைக்கும் வாங்கும் அளவு போதும்.

புகார் வாங்கும் வழியும் ஒன்றாக இருக்கட்டும். இப்போது பேராசிரியர்கள் தெரிந்த பையனுக்கு போன் அடிக்கிறார்கள். அந்தப் பையன் தினக்கூலியில் இருப்பவர், இன்னொரு துறையில் ஏணி மேல் நிற்பார். ஜிஎல்பிஐ, ஓஎஸ்டிக்கெட் போன்ற, புகார் பதியும் கட்டற்ற மென்பொருள் ஒன்றை உள் சர்வரில் நிறுவிவிட்டு, படிவத்தில் நான்கே கேள்வி தமிழில் கேட்டால் போதும்: எந்த அறை, எந்தக் கருவி, திரையில் என்ன தெரிகிறது, அடுத்த வகுப்பு எத்தனை மணிக்கு. கடைசிக் கேள்விதான் முக்கியம், எதற்கு முதலில் ஓடுவது என்பதை அதுவே முடிவு செய்யும். ஆறு மாதப் பதிவைக் கூட்டிப் பார்த்தால் எந்தக் கட்டடத்தில் எர்த் போயிருக்கிறது என்பதுகூடத் தெரிந்துவிடும். அந்த ஏணி மேல் நிற்பவருக்கு ஆண்டுக்கொரு முறை பணி நீட்டிப்பு என்ற நிலையும் மாற வேண்டும். ஃபைபர் எந்தச் சுவருக்குள் போகிறது என்பது பல வளாகங்களில் அவர் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது, வரைபடம் கிடையாது. அவர் மார்ச் 31இல் போனால் வரைபடமும் போகிறது.

மே மாத விடுமுறையில் எர்த் குழிகளும் பேட்டரி அறைகளும், ஜூனில் ஃபில்டரும் கேபிளும், செப்டம்பர் முடிவதற்குள் கட்டடங்களுக்கு நடுவே உள்ள செம்பு எல்லாம் கழற்றி ஃபைபர் என்று வரிசை போட்டால் வடகிழக்குப் பருவமழைக்கு முன் முடிக்கலாம். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் காலை ஒன்பது மணிக்கு நிறுத்தும் நாள் முன்கூட்டியே அறிவிப்பில் வருகிறது. பேட்டரி சோதனைக்கு அதைவிட நல்ல நாள் கிடையாது.

பிறகு அந்தச் சாவி. ரேக், யூபிஎஸ் அறை, அரங்கின் ஆம்ப் பெட்டி மூன்றுக்கும் சாவி பெரும்பாலும் ஒரே அலுவலக மேசையில், மாலை ஐந்தே முக்காலுக்குப் பூட்டப்படும் இழுப்பறைக்குள் இருக்கிறது. விழாக்கள் ஆறு மணிக்குத் தொடங்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் இரண்டாவது சாவி ஒன்று செய்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, வேலை பார்ப்பவர் கையில் கொடுங்கள். இதற்கு மதிப்பீடும் வேண்டாம், டெண்டரும் வேண்டாம். நாளைக்கே செய்யலாம்.

இப்படிக்கு,
காவிரி டெல்டா வளாகங்களின் கணினி, வலையமைப்பு, ஒலி-ஒளிப் பணியாளர்கள்